வைக்கோல் போரில் சிலிண்டர்

கேளம்பாக்கம் ஃபிளாட்டில் யாராவது சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டால் போதும். ஐம்பதை நெருங்கும் வயதிலும் அதை எங்கே ஒளிக்கலாம் என்று என் கண் இடம் தேடும்.

தொண்ணூறுகளில், சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே எங்கள் ஊரில், கேஸ் இருக்கிற வீட்டுக்கு ரேஷனில் மண்ணெண்ணெய் வெட்டிவிடுவார்கள். அதனால் ரேஷன் அதிகாரியின் ஜீப் சோதனைக்கு வந்தால், தெருவே சிலிண்டரை வைக்கோல் போருக்குள் செருகிவிட்டு, ஈர விறகை ஊதி, கண்ணீரும் கம்பலையுமாக ஏழையாகிவிடும்.

அம்மா இறால் கம்பெனியில் ஐஸில் விரல் மரத்துப்போக உழைத்து கேஸ் வாங்கிய மாதமே ஜீப் வந்தது. அம்மாவை ஜெயிலில் போட்டால் யார் சோறு கொண்டுபோவது என்று அழுதுகொண்டே சிலிண்டரைக் கொல்லைக்கு உருட்டினேன். அது என் கால் மேலேயே ஏறியது.

"இன்னாடா பண்ற? உள்ள கொண்டா அத," என்றாள் அம்மா.

அதிகாரி வாசலில் நின்று கேட்டார். "வீட்ல கேஸ் இருக்காம்மா?"

"கீது சார். குந்துங்க, அதுலயே டீ போட்டுத் தரேன்."

டீயைக் குடித்துவிட்டு அவர் ரேஷன் கார்டில் 'கேஸ் உண்டு' என்று முத்திரையைக் குத்தினார். ஜீப் போனதும், எதிர்வீட்டுப் பெரியம்மா புகையில் சிவந்த கண்ணோடு ஓடிவந்தாள்.

"பைத்தியமாடி நீ? எண்ணெ போச்சே! கரண்டு போனா வெளக்குக்கு இன்னா பண்ணுவ?"

"இருட்டுல குந்தினு இருப்பேன். திருடிக்கினு வந்தத ஒளிக்கலாம். சம்பாரிச்சு வாங்கினத எதுக்குக்கா ஒளிக்கணும்? நீயும் குந்து, டீ குடி."