எந்தக் கோயில் திருவிழா?

ஒரு கம்ப்யூட்டர் சிவப்பு நிறம் காட்டியதற்காக, என் கட்சிக்காரரின் நேர்மையான சாட்சியை நானே பொய்யராக்கப் பார்த்தேன். வக்கீல் தொழிலில் இதுவும் ஒரு சாதனைதான்.

மஸ்ஜித் தானா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் வீடு. நில உரிமையாளர் மார்ச்சில் அதைச் சுற்றி வேலி போட்டு, குடியிருந்த என் கட்சிக்காரர் சரோஜா அக்காவை வெளியே நிறுத்திவிட்டார். கேட்டால், அக்கா முன்பே காலி செய்துவிட்டாராம். எங்கள் சாட்சி, கடைக்காரர் காசிம் பாய்: "திருவிழா அன்னிக்கு அக்கா வீட்லதான் சாப்பிட்டேன். மறுநாள்தான் வேலி போட்டாங்க."

ஆதாரங்களைத் தேதிவாரியாக அடுக்கும் மென்பொருளைப் புதிதாக வாங்கியிருந்தேன். அதில் எல்லாவற்றையும் ஏற்றியதும், பாயின் வாக்குமூலம் மட்டும் தேதி இடிக்கிறது என்று சிவந்து நின்றது. அவரை வரவழைத்துத் திரையைக் காட்டினேன்.

"பாய், வேலி மார்ச்சுல. நீங்க சாப்பிட்டது மே மாசம். கோர்ட்டுல கிழிச்சிருவாங்க."

"மே மாசம்னு யாரு சொன்னா?"

"திருவிழா மே மாசந்தானே?"

"அது உங்க புக்கிட் பெருவாங் கோயிலு, லாயர் சார். நான் சொன்னது எஸ்டேட் கோயிலுலா, அங்க மார்ச்சுலயே திருவிழா! முஸ்லிம் நான் வந்து உங்களுக்குத் திருவிழா தேதி சொல்லணுமா?"

எனக்குத் தெரிந்த ஒரே திருவிழாவின் தேதியை நான்தான் தட்டியிருந்தேன். மென்பொருள் என் அறியாமையை அழகாக வரிசைப்படுத்தியிருந்தது. தேதியை மாற்றியதும் வாக்குமூலம், வேலியின் படம், மின்கட்டண ரசீது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. அந்தத் தெம்பில் வாதாடினேன். அக்காவுக்கு வீடு திரும்பக் கிடைத்தது.

இப்போதெல்லாம் சிவப்பைக் கண்டால் முதலில் என் விரல்களைத்தான் சந்தேகிக்கிறேன்.

பாய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் போலும். தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில் அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். "அந்தக் கம்ப்யூட்டருக்கு நன்றி சொல்லிருங்க சார். உங்கள மட்டும் நம்பியிருந்தா வீடு போயிருக்கும்லா."