எந்தக் கையால் எறிவாய்?

அந்த விளையாட்டுப் பொருட்கள் கடைக்குள் நுழைந்ததும் புதுத் தோலின் வாசனைதான் முதலில் வந்தது. சுவர் முழுக்கப் பேஸ்போல் கையுறைகள் தொங்கின. விற்பனையாளர் குனிந்து என் தங்கையிடம் பிரெஞ்சில் கேட்டார், எந்தக் கையால் எறிவாய் என்று. அவள் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. நான் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தேன். அப்பாவுக்குப் பிரெஞ்சு ஓடாது என்பதால் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். மொன்றியலின் பெரிய பேஸ்போல் அணி நகரத்தை விட்டுப் போய்விட்டிருந்த காலம் அது. ஆனாலும் கார்ட்டியர்வில்லில் எங்கள் வீட்டுக்கு முன்னாலிருந்த பூங்காவில் கோடை முழுவதும் பிள்ளைகள் விளையாடினார்கள், தங்கையும் அவர்களோடு சேர்ந்துவிட்டாள். கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் அறியாத எங்களுக்குக் கையுறையின் கணக்கு பிடிபடச் சில காலம் எடுத்தது. அது எறிகிற கைக்கு அல்ல, பிடிக்கிற கைக்கு. வலக்கையால் எறிபவர் இடக்கையில் மாட்ட வேண்டும். ஆகவே எறிகிற கை எதுவென்று தெரியாமல் கையுறை வாங்க முடியாது. இரவல் கையுறைகளை மாற்றி மாற்றிக் கொடுத்துக் களைத்துப்போன பயிற்சியாளர், அடுத்த ஆட்டத்துக்கு முன் ஒரு கையைத் தெரிவு செய்து சொந்தக் கையுறையோடு வரும்படி சொல்லிவிட்டார். ஒரு கைதான் என்றால் நான் போகவே மாட்டேன் என்று தங்கை வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் குழப்பத்துக்குத் தானே காரணம் என்று அப்பா நம்பினார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் அவருக்கு வேலை. முந்திய குளிர்காலத்தில் அடுக்கியிருந்த பெட்டிகள் சரிந்து அவருடைய வலது தோளிலும் கையிலும் விழுந்தன. எலும்புகள் பொருந்தின. ஆனால் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை, விரல்கள் இறுக மூடவில்லை. அமுக்கிப் பழகச் சொல்லி மருத்துவமனையில் கொடுத்த மென்பந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் தூசு படிந்து கிடந்தது. அவர் நாள் முழுக்க யன்னலடிக் கதிரையில் இருப்பார். யார் கதைத்தாலும் ‘ஓம்’ என்பதோடு சரி. அவரை அந்தக் கதிரையிலிருந்து எழுப்பிப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனவள் தங்கைதான். அங்கே அப்பா இடக்கையால் பந்து எறிவார், பெரும்பாலும் கோணலாக. அந்த வசந்தத்தில்தான் அவளும் இடக்கையால் எறியத் தொடங்கினாள்.

“என்னைப் பாத்துத்தான் பிள்ளை கெட்டுப்போச்சு. சோத்துக்கையால எறியிறதுக்கே ஒண்டை எடுக்கச் சொல்லு,” என்றார் அப்பா என்னிடம்.

விற்பனையாளர் பொறுமைசாலி. இரண்டு பெருவிரல் வைத்துத் தைத்த, இரு கைக்கும் மாட்டக்கூடிய கையுறையும் உண்டு என்றார். ஆனால் சிறுவர் அளவில் தன்னிடம் இல்லையாம். பிறகு தங்கையிடம், எந்தக் கையில் பலம் அதிகம் என்று கேட்டார்.

“வலது,” என்றாள் அவள் உடனே.

நான் அதைத் தமிழில் சொன்னதும் அப்பா அவள் பக்கம் திரும்பினார். “அப்ப ஏன் பிள்ளை மற்றக் கையால எறியிறாய்?”

“உங்களோட விளையாடேக்க மட்டும்தான் முதல் எறிஞ்சனான். உங்களுக்கு ஒரு கைதானே. நான் நல்ல கையால எறிஞ்சா அது பா ஜுஸ்த்.” நியாயமில்லை என்பதற்கு அவளுக்குப் பிரெஞ்சுதான் முதலில் வந்தது. “பேந்து எனக்கு இதுவும் பழகிட்டுது. இதை விட்டா நீங்கள் தனிய எல்லோ எறியோணும்.”

அப்பா சுவரிலிருந்த கையுறைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். இரக்கப்பட்டு அவள் அதைச் சொல்லவில்லை, ஆட்டத்தின் விதியைச் சொல்வது போலத்தான் சொன்னாள். அதனால்தானோ என்னவோ அவருக்குக் கோபம் வரவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“இடக்கையால எறியிற ஆக்களின்ர, பெரிய அளவில ஒண்டு இருக்கோ எண்டு கேள்.”

“ஆருக்கப்பா?”

“எனக்குத்தான்.”

அந்தக் கையுறையை வலக்கையில் மாட்ட அவருக்கு நேரம் பிடித்தது. விற்பனையாளர் உதவ வந்தபோது தலையசைத்து மறுத்தார். சுண்டுவிரல் கடைசியாக உள்ளே போனதும் தங்கையைப் பார்த்துச் சொன்னார்: “இனி நீ உன்ர கையால எறி. நான் என்ர கையால எறியிறன். நான் பிடிப்பன், பயப்பிடாதை.” அவள் தனக்கு இடக்கையில் மாட்டுகிற ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

அவர் பிடிக்கவில்லை. முதல் வாரங்களில் எறிந்த பந்தெல்லாம் கையுறையில் பட்டுத் தெறித்துப் புல்லில் விழுந்தது. சில நாட்களில் வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு வீடு திரும்புவார். மருத்துவமனைப் பந்தைத் தொடாத அந்தக் கை, தங்கை எறிந்த பந்துக்காக மூடப் பழகியது. ஆடி மாத மாலை ஒன்றில் முதன்முதலாக ஒரு பந்து உள்ளேயே நின்றது. தங்கை போட்ட கூச்சலில், தேநீர்க் கோப்பையோடு பல்கனிக்கு ஓடிவந்தார் அம்மா.

கை முழுதாகத் திரும்பவில்லை. அப்பா பிறகு பெட்டி தூக்கவே இல்லை. அதே பண்டகசாலையின் வாசலில் வந்துபோகும் லொறிகளைப் பதிவு செய்கிற வேலைக்குப் போனார். இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். குளிர் கூடிய நாட்களில் சட்டைப் பொத்தானை அம்மாதான் பூட்டிவிடுகிறார். தங்கைக்கு இடக்கையால் எறிவது மறந்தே போய்விட்டது. அவள் அப்படி எறிந்தவள் என்று சொன்னால் அவளுடைய கணவர் நம்புவதில்லை.

ஆனால் அந்தக் கோடையின் கடைசி ஆட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் பெற்றோரிடம் ஒவ்வொருவராக வந்து கைகுலுக்கினார். விபத்துக்குப் பிறகு யாருக்கும் இடக்கையை நீட்டிவிட்டு, வலக்கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வது அப்பாவின் வழக்கம். அன்று பயிற்சியாளர் எங்களிடம் வந்தபோது அப்பா வலக்கையை நீட்டினார். குலுக்கிய பிறகும் சட்டென்று விடாமல், அந்த மனிதரின் கையைக் கொஞ்ச நேரம் இறுகப் பிடித்திருந்தார்.