வாசற்படியில் தலை தூக்கிய ஸ்க்ரூ

போன வாரம் எங்கள் வீட்டு வாசற்படியில் நான்கு ஸ்க்ரூ தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. சின்ன விஷயம்தானே என்கிறீர்களா? எங்கள் வீட்டில் இல்லை.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. காலில் வந்த புண் ஆறி, சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாக இருந்தார். அந்தக் காலில் உணர்ச்சி கிடையாது... எது குத்தினாலும் தெரியாது. இன்னொரு புண் வந்தால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் செருப்புப் போடச் சொன்னால், "சாமி இருக்கற வீட்டுல செருப்பா?" என்பார். டாக்டரிடமும் அதையே சொன்னார். டாக்டர் சீனர். பாவம், நம் வழக்கம் அவருக்கு எங்கே தெரியும்?

வாசற்படிக் கட்டையில் சிலாம்பு கிளம்பி முள் மாதிரி நின்றது. படியை மிதிக்கக் கூடாதுதான். ஆனால் காலைத் தூக்க முடியாதவர் உரசிக்கொண்டுதானே வருவார்? அதனால் மருமகன் குமார் மெல்லிய ஸ்டீல் தகடு வாங்கி வந்து மேலே வைத்து ஸ்க்ரூ போட்டார். சிலாம்பு போனது. ஸ்க்ரூ தலை வந்தது!

"அத்தே, கவலப்படாதீங்க லா. தலை உள்ள போக குழி வெட்டறதுக்குன்னே பிட்டு இருக்கு."

கூம்பு மாதிரி ஒரு பிட். டிரில்லில் மாட்டினார். தகடு அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. ஓட்டை பெரிசாகி, ஸ்க்ரூ தலையோடு உள்ளே விழுந்தது. தலை இப்போது வெளியே தெரியவில்லை — உண்மைதான். தகடும் நிற்கவில்லை.

என் மகள் தேவி பத்து காவான் என்கிற ஊரில் தகட்டுப் பெட்டி செய்யும் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறாள். (நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான். எனக்கு எழுத்து வராது. பேச்சு வரும்.) வேலை முடிந்து வந்தவள், கைப்பையைக்கூட இறக்காமல் பார்த்தாள்.

"குழி வெட்டணும்னா தகடு தடியா இருக்கணும். இது பேப்பர் மாதிரி இருக்கு. வெட்டாதீங்க... அமுக்குங்க."

"முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றார் குமார்.

"முன்னாடியே கேக்கக்கூடாதா?"

வேறு தகடு வந்தது. முதலில் கட்டையில் குழி — அந்தக் கூம்பு பிட்டுக்கு அங்கேதான் வேலையாம். தகட்டில் சின்ன ஓட்டை. பெரிய பிட்டைக் கையாலேயே ஒரு திருகு திருகி ஓட்டை ஓரத்துப் பிசிறை எடுத்தாள். தகட்டைப் படிமேல் வைத்து, ஸ்க்ரூ தலை மாதிரியே முனை உள்ள இரும்பை ஓட்டையில் நிறுத்தி, சுத்தியலால் ஒரு தட்டு. தகடு இட்லித் தட்டுக் குழி மாதிரி உள்ளே வளைந்தது. ஸ்க்ரூ அதில் சுகமாகப் படுத்துக்கொண்டது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சை எடுத்துத் தகடு முழுக்க இழுத்தேன். ஒரு மூலையில் மாட்டியது! தேவி அரத்தால் ராவினாள். மறுபடி இழுத்தேன். மாட்டவில்லை.

சனிக்கிழமை வந்தார். குமார் தோளைப் பிடித்துக்கொண்டு, காலை உரசி உரசிப் படியைத் தாண்டினார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தைத்தான் பார்த்தோம். கீறல் இல்லை.

படியைத் தொட்டுக் கும்பிட மறந்துவிட்டாராம். திரும்பிக் குனிந்தார். தொட்ட கை அங்கேயே நின்றது. தடவிப் பார்த்தார். ஒரு தலையும் கையில் தட்டவில்லை.

"என்ன மாப்ள... ஸ்க்ரூ போட மறந்துட்டீங்களா?"

குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாரா? மனுஷன் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டார்!