பேச்சிமுத்துவின் வலது கை

எனக்குச் சிம்மக்கல்லில் கயிற்றுக் கடை. தலைக்கயிறு, மூக்கணாங்கயிறு, வடக்கயிறு எல்லாம் கிடைக்கும். ஓசியில் மட்டும் ஒரு முழம் கிடைக்காது. மாடு வைத்திருக்கிற எவனும் என் கடைக்கு வராமல் தப்ப முடியாது. அப்படி வந்து ஒட்டிக்கொண்டவர்தான் உசிலம்பட்டிப் பக்கத்து மாட்டுத் தரகர் பேச்சிமுத்து.

அந்த மனிதருடைய முகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் ஒன்றுமே இருக்காது. மாட்டுத்தாவணிச் சந்தையில் விலை பேசுகிறவர்கள் வாயைத் திறப்பதில்லை. தரகர் தன் கையையும் வாங்குகிறவர் கையையும் சேர்த்துத் துண்டால் மூடிவிடுவார். உள்ளே விரல்கள்தான் பேசும். இத்தனை விரலைப் பிடித்தால் இத்தனை ரூபாய். சுற்றி நிற்கிறவனுக்கு மூச்சு விட மாட்டார்கள். கிழட்டு மாட்டுக்குக் கேட்ட விலை கிடைத்தாலும் பேச்சிமுத்துவின் முகம் பல்வலிக்காரன் முகமாகவே இருக்கும்.

இப்பேர்ப்பட்ட முகத்தோடு சீட்டாட உட்கார்ந்தால் ஜெயிக்க வேண்டுமா, இல்லையா? ஜெயிக்கவே மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டு, உள்ளே கயிற்றுச் சுருள்களின் மேல் உட்கார்ந்து மூணு சீட்டு நடக்கும். நான் சீட்டைக் கலைத்துப் போடுவதோடு சரி. ஆடுகிறவர்கள் பேச்சிமுத்துவும் மரியராஜும். மரியராஜ் மிஷன் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. காலையில் பூசை பார்த்த அதே வெள்ளைச் சட்டையோடு சைக்கிளில் வந்து இறங்குவார். ஆளுக்கு மூன்று சீட்டு. கையில் இருப்பது நல்லதோ நாறலோ, பந்தயத்தை ஏற்றி ஏற்றி எதிராளியை மிரட்டிச் சீட்டைக் கவிழ்க்க வைத்தால் ஜெயம். பந்தயம் வைப்பது புளியங்கொட்டை. கொட்டை தீர்ந்தவர் எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கித் தர வேண்டும்.

வாராவாரம் பருத்திப்பால் வாங்கியது பேச்சிமுத்துதான். அவருக்கு நல்ல சீட்டு வந்தால் மரியராஜ் நைசாகக் கவிழ்த்துவிடுவார். வெறும் சீட்டை வைத்து மிரட்டினால் சிரித்துக்கொண்டே ஏற்றுவார். இந்தக் குமாஸ்தாவுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்று எனக்கே எரிச்சலாக வரும்.

தோற்பதுகூடப் பெரிசில்லை. தோற்கத் தோற்கப் பேச்சிமுத்துவுக்குக் கோபம் ஏறும். முகத்தில் அதுவும் தெரியாது. “இன்னொரு ஆட்டம்” என்பார், அவ்வளவுதான். கோபத்தில் கேட்ட இன்னொரு ஆட்டத்தில் ஜெயித்த மனிதனை நான் கண்ணால் பார்த்ததில்லை.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு. பேச்சிமுத்துவின் கொட்டையெல்லாம் போய்விட்டது.

“போதும்ணே. புளியமரத்தையே உலுக்கியாச்சு. இனி எதை வச்சு ஆடுவீக?” என்றார் மரியராஜ். விளையாட்டாகச் சொன்னதுதான்.

“எங்க செவலக் கிடேரிய வைக்கேன். போடுய்யா சீட்டை!”

அது தாயில்லாத கன்று. அவர் மனைவி முத்துத்தாய் பாலும் கஞ்சியும் புகட்டி, மடியில் போட்டு வளர்த்தது. வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! கன்று போனது. மரியராஜுக்கு வாயெல்லாம் பல். வீட்டில் நாலு பிள்ளைகள். நாளைக்கு வளர்ந்து கறவைக்கு ஆகும் என்று கொல்லையில் அன்றைக்கே முளை அடித்துவிட்டார்.

தரகர் சொன்ன சொல்லை மாற்ற முடியாது. மாற்றினால் சந்தையில் அவர் துண்டுக்குள் யாரும் கை நீட்ட மாட்டார்கள். அடுத்த ஞாயிறு கன்றை ஒப்படைக்கப் பேச்சிமுத்து வந்தார். பின்னாலேயே கன்றைப் பிடித்துக்கொண்டு முத்துத்தாயும் வந்தாள்.

“கன்னைத் தாரேன்ண்ணே” என்றாள் மரியராஜிடம். “அதுக்கு முன்ன ஒத்த ஆட்டம் ஆடுங்க. இவுக செயிச்சா கன்னு எங்களோட வரட்டும். தோத்தா கன்னும் உங்களுக்கு, இவுகளும் இனிமே சீட்டைத் தொட மாட்டாக.”

“அப்ப ஞாயித்துக்கிழமை நான் யாரோட ஆடுறது தங்கச்சி?” என்று சிரித்துக்கொண்டே மரியராஜ் உட்கார்ந்தார்.

நான் சீட்டைக் கலைத்தேன். பேச்சிமுத்துவின் வலது கை வழக்கம்போல மடியில் கிடந்த துண்டுக்குள் போனது. முத்துத்தாய் வெடுக்கென்று துண்டை உருவினாள்.

“நெனச்சேன்! மாட்டு விலைய எங்கிட்டக் குறைச்சுச் சொல்லும்போதுகூட வாய்தான் பொய் சொல்லும். துண்டுக்குள்ள வெரலு நெசத்தைச் சொல்லிரும். சந்தைப் பழக்கத்தை இங்கயும் கொண்டாந்தாச்சாக்கும்?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நல்ல சீட்டு வந்தால் துண்டுக்குள் விரல்கள் இறுகியிருக்கின்றன. மட்டமான சீட்டு வந்தால் துண்டு அசையாமல் கிடந்திருக்கிறது. மரியராஜ் இத்தனை நாளும் முகத்தைப் பார்க்கவே இல்லை, மடியைத்தான் பார்த்திருக்கிறார். இப்போது அவர் எங்களைப் பார்க்காமல் கூரை ஓட்டில் பல்லி தேடிக்கொண்டிருந்தார்.

முத்துத்தாய் கன்றை வாசலில் நிறுத்தி, கயிற்றின் மறுமுனையைப் புருஷனின் வலது கையில் கொடுத்தாள். “இதைப் புடிச்சுக்கிட்டு ஆடுங்க. கோவம் வந்தா, கயித்துக்கு அந்தப் பக்கம் யாரு நிக்கான்னு நெனச்சுக்கங்க.”

ஆட்டம் தொடங்கியது. பேச்சிமுத்து சீட்டைப் பார்த்தார். கொட்டையை முன்னால் தள்ளினார். மரியராஜ் ஏற்றினார். இவரும் ஏற்றினார். மரியராஜ் இவர் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. மடியைப் பார்த்தார், துண்டு இல்லை. கடைசியில் கயிற்றைப் பார்த்தார். அது தொய்ந்து கிடந்தது.

மரியராஜ் தைரியமாக ஒரு கை கொட்டையை அள்ளினார். அந்த நேரம் தெருவில் கீரைக்காரி போனாள். வாசலோரம் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது, உள்ளே இருந்த மரியராஜுக்குத் தெரியவில்லை. கன்று கீரைக்கூடையை எட்ட, கயிறு விண்ணென்று இறுகியது. பேச்சிமுத்து அசையவில்லை.

“ஆகா, கை இறுகிருச்சுல்ல! எங்கிட்டயா?” என்று மரியராஜ் தன் சீட்டைக் கவிழ்த்தார். இரண்டு ராணி வைத்திருந்தார், பாவம்.

முத்துத்தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. மரியராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. அடித்த முளைக்கு இனிப் பிள்ளைகளிடம் என்ன பதில் சொல்வது?

“இன்னொரு ஆட்டம்ணே! சைக்கிளை வைக்கிறேன்!”

பேச்சிமுத்துவுக்கு அந்தச் சைக்கிள் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். அதைப் பார்த்தார். அப்புறம் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்.

“போறேன் மாப்ள.”

எழுந்தேவிட்டார். ஜெயித்த கையோடு அவர் எழுந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் சீட்டுகளைப் பொறுக்கும்போது அவர் வைத்துவிட்டுப் போன மூன்றையும் திருப்பிப் பார்த்தேன். ரெண்டு, அஞ்சு, ஒம்பது. ஒரே சாதிகூட இல்லை. மரியராஜ் பார்ப்பதற்குள் கட்டோடு கலைத்துவிட்டேன்.

வாசலில் பேச்சிமுத்து எனக்காக நின்றார். கன்றின் கயிறு நைந்துவிட்டதாம், புதுசு வேண்டுமாம். “எம்புட்டு?” என்று கேட்டு, முத்துத்தாயிடமிருந்து துண்டை வாங்கி, பழக்கப்படி எங்கள் இரண்டு கைகளையும் மூடினார். முகம் அதே பல்வலி முகம்.

துண்டுக்குள் அவர் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஐந்தும் நடுங்கின. அது நிற்கும்வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விலை சொல்ல ஒரு விரலையும் பிடிக்கவில்லை. அன்றைக்கு என் கடையில் ஒரு கயிறு ஓசியில் போனது.