வேலாயியின் கூடைக்குள் வந்த இலை

கஞ்சாவைச் சட்டம் அனுமதித்தால் சமுதாயம் கெடுமா, பிழைக்குமா என்று பேசச் சொல்லி என்னை மேடையில் ஏற்றுகிறார்கள். எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்கிற பெருமை எனக்கும் உண்டுதான். ஆனால் பேச நின்றால் புள்ளிவிவரம் வருவதில்லை. பக்கத்து வீட்டு வேலாயிதான் வருகிறாள்.

மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த நேரம். மலையில், திரிங்காப்பு ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகிறது என்று சந்தேகம். வேலிக் கேட்டில் போலீஸ்காரர்கள் மடியை, கொண்டையை எல்லாம் தடவிப் பார்ப்பார்கள். கொழுந்துக் கூடையை மட்டும் கிளறமாட்டார்கள். கசங்கினால் தேயிலை கெடும் என்று துரையின் உத்தரவு.

வேலாயியின் கீரைப் பாத்தி வேலிக்கு வெளியே மாட்டிக்கொண்டது. கீரைக்கு நடுவே சில கஞ்சாச் செடிகள். அவள் புருஷன் செல்லையாவுக்கு இடுப்பு போயிருந்தது. கீழே ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது கள்ளுக்கடை மறியலில் வாங்கிய அடி. அந்தக் கடைக்கு லைசென்ஸ் இருந்தது, காவலுக்குப் போலீஸ் இருந்தது. வலியில் கத்துகிற மனுஷனுக்கு அவள் இலையை வதக்கிக் கருப்பட்டியில் பிசைந்து உருண்டையாகக் கொடுப்பாள். மீரான் மருந்துக்கடை லேகியம் என்று அவரிடம் சொல்லியிருந்தாள். போதை என்றால் காறித் துப்புகிறவருக்கு வேறென்ன சொல்வது?

இலையை வாழைச்சருகில் கட்டிக் கொழுந்துக்கு அடியில் வைத்து கேட்டைத் தாண்டி உள்ளே வருவாள். நிறுவைக் கொட்டகையில் கூடையைத் தானே கவிழ்க்கும்போது உருவிக்கொள்வாள். ஒருநாள் மழை இருட்டிக்கொண்டு வரவே, கங்காணி பழனியப்பனே அவசரமாக எல்லாக் கூடைகளையும் கவிழ்த்துக்கொண்டு போனார். பொட்டலம் மேலே வந்து விழுந்தது.

“என்னாடி இது? கொழுந்துக்குள்ள பொட்டலம்?”

“மருந்துங்க கங்காணி.”

“யாருக்கு? காட்டுல இருக்கிறவனுக்கா?”

“அதான் இவ தினம் காட்டோர நெரையாப் பார்த்துக் கேட்டு வாங்குறாளா!” என்றாள் சாரதா. அதுவரை வேலாயியோடு ஒரே தேயிலை நிரையில் நின்று பறித்தவள், சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

போலீஸ் சார்ஜன்ட் வந்தார். அவர் மலாயில் கேட்டதை தோட்டத்துக் கணக்குப்பிள்ளை அம்புரோஸ் கிராணி தமிழில் சொன்னார்: “உள்ள இலை வந்துச்சு. அதுக்குப் பதிலா வெளிய என்னா போச்சு? அரிசியா?”

“அரிசி போகலங்க. கஞ்சா. நானே போட்ட செடி.”

“கஞ்சாவும் குத்தம்லா, தெரியுமா?”

“தெரியுங்க. காட்டுக்காரனுக்குச் சோறு குடுத்தாக் கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிருவாங்க. இதுக்கு ஏத்த மாட்டாங்கல்ல?”

“யாரு சாப்புடுறா?”

“எங்க வீட்டுக்காரரு.”

கொட்டகையே சிரித்தது. “செல்லையாவா? கள்ளு லோரி போனாலே மூக்கப் பொத்துற ஆளு!” சிரித்து முடித்ததும் எல்லோர் முகமும் இறுகியது. இவ்வளவு பெரிய பொய் சொல்கிறாள் என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

செல்லையாவைத் தாங்கிக் கூட்டிவந்தார்கள். கிராணி இலையை நீட்டினார். “இது நீ சாப்புடுறதா? இல்லேன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போ. ஒன்ன ஒண்ணும் செய்ய மாட்டாங்க.”

செல்லையா இலையைக் கசக்கி முகர்ந்தார். அந்த வாசனை அவருக்குத் தெரியும். தினம் சாயங்காலம் தின்கிற லேகியத்தின் வாசனை. வேலாயியைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை.

“எனக்குத்தாங்க. நாந்தான் கொண்டாரச் சொன்னேன்.”

“மறியல்காரரே, மதுவிலக்குச் சங்கத்துல சொல்லிட்டுத்தான் சாப்புடுறீங்களா?” என்றான் ஒருவன் பின்னாலிருந்து.

செல்லையா இலையை வாயில் போட்டு, அத்தனை பேர் பார்க்க மென்று விழுங்கினார்.

செடிகளைப் பிடுங்கி எரித்தார்கள். அவர் சில வாரம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். வேலாயியைக் கப்பலில் ஏற்றவில்லை. ஆனால் சாரதா அவளோடு நிரையில் நிற்க மறுத்துவிட்டாள். கஞ்சா வெறும் சாக்குப்போக்கு, காட்டுக்கு அரிசி போனதுதான் நிசம் என்று லயத்தில் பாதிப்பேர் கடைசிவரை நம்பினார்கள்.

செல்லையாவின் வலி திரும்பி வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்கும், பலகை இடுக்கில் தெரியும்.

“இந்தக் கஞ்சியில என்னா போட்டிருக்க?”

“உப்புங்க.”

“நீ மொதல்ல குடி.”

அவள் ஒரு மடக்கு குடிப்பாள். அவள் முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆறிப்போன கஞ்சியை அவர் வாங்குவார்.