தேர்வு நாளில் கைவிட்ட டேப்லெட்

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு ஒற்றை அறை. மகள் தவழத் தொடங்கியதும், மேசைக் கணினியின் ஒயர்களைக் கண்டாலே எனக்குப் பயம். டேப்லெட் வாங்கினோம். படம் பார்க்க, மின்கட்டணம் கட்ட, எல்லாவற்றுக்கும் அதுவே போதுமாக இருந்தது. கணவரிடம் பலமுறை கேட்டுவிட்டு, கணினியைப் பக்கத்து வீட்டு அக்கா, சுஹரா இத்தாவின் மகனுக்குக் கொடுத்தேன்.

அந்த வாரமே, காக்கநாட்டில் ஒரு வேலைக்காக வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு வந்தது. குழந்தை பிறந்த பிறகு கிடைத்த முதல் வாய்ப்பு. தேர்வன்று காலை டேப்லெட்டைத் திறந்தால், 'கணினியில் மட்டுமே எழுத முடியும்' என்று வந்தது. அரை மணி நேரம்தான் இருந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு இத்தா வீட்டுக்கு ஓடினேன்.

"இத்தா, கம்ப்யூட்டர் இருக்கா?"

"எந்தா மோளே, கொடுத்ததைத் திருப்பிக் கேக்க வந்தியா?" என்று சிரித்தவர், என் கண் கலங்கியதைப் பார்த்துப் பதறினார். "கரையாதே மோளே, அழாதே. என் அனியன், மோனோட மாமா, நேத்தே அதைச் சரிபார்க்கக் கடைக்கு எடுத்துட்டுப் போக வந்தான். வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்னைக்குத் தொட்டாப் போதும்னு நான்தான் விடலை."

கட்டிலோரம் போர்வைக்குள் கணினி அப்படியே இருந்தது. கைப்பேசியிலிருந்து இணையம் கொடுத்து, அங்கேயே எழுதினேன். மகள் இத்தாவின் மடியில் டேப்லெட்டில் பூனைப் படம் பார்த்தாள்.

முடித்ததும் இத்தா சாயா நீட்டினார். "ஜோலி கிட்டினா எனக்கு பிரியாணி!"

வேலை கிடைத்தது, பிரியாணியும் கொடுத்தாயிற்று.

இப்போதெல்லாம் பழைய பொருளைக் கொடுக்குமுன், எப்போதாவது வரும் வேலையையும் புதியதில் செய்து பார்த்துவிடுகிறேன். தேர்வென்றால் முந்தின நாளே அதன் இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன்.