தண்ணீர் கேட்காத செடிகள்

கல்யாணமாகி மலையாள நாட்டு வலியசாலைக்கு வந்ததிலிருந்து அந்த வீட்டில் எனக்கு மறுக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்றுதான்: செடி நடுவது. சமைக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம், மாமியாரின் முழங்காலுக்குத் தைலம் போடலாம். மண்ணில் மட்டும் கை வைக்கக்கூடாது. எனக்குக் குழந்தை இல்லை, ஆகவே கைராசி இல்லை, நான் நட்டது பட்டுப்போகும். துளசி நட வேண்டுமென்றாலும் மாமியார் அடுத்த வீட்டுப் பெண்ணைத்தான் கூப்பிடுவார். அவளுக்கு இரண்டு குழந்தைகள். அக்காவே நடட்டுமே மாமி என்று அவள் ஒவ்வொரு தடவையும் சங்கடப்படுவாள். பிறகு நட்டுவிட்டுப் போவாள்.

வாசல் மதிலோரம் ஒரு நீளத் துண்டு நிலம் சும்மா கிடந்தது. காலையில் ஏறும் வெயில் சாயங்காலம்வரை இறங்காது. ராசிக்கை நட்டதுகூட அங்கே பிழைத்ததில்லை. அங்கேதான் நடுவது என்று முடிவு செய்தேன். வீம்புதான். என் கையாலும் ஒன்று உயிரோடு நிற்கும் என்று அந்த வீட்டுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

ஒரு கோடை முழுவதும் ஆபீஸ் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரும் தண்ணீர் விடாத இடங்களில் என்ன பூக்கிறது என்று பார்த்தேன். சாலை நடுவில் போகன்வில்லா. பூட்டிக்கிடந்த ஒரு வீட்டின் முன்னால் தெச்சி என்கிற இட்லிப்பூ. கரமனைப் பாலத்தருகே கருங்கல் இடுக்கில் நித்தியகல்யாணி. ஒரு பருவம் பூத்துவிட்டுச் சாகிற செண்டுமல்லியெல்லாம் எனக்கு வேண்டாம், வருஷா வருஷம் நிற்க வேண்டும். அரளி இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் அது விஷம். அந்த வீட்டில் யாருக்கு வயிறு வலித்தாலும் பழி எங்கே வந்து விழும் என்று தெரியும், அதனால் விட்டுவிட்டேன்.

மாமியார் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரம், ஐப்பசியின் துலாமழை நிற்பதற்குள் மூன்றையும் நட்டேன். மழையில் வேர் இறங்கிவிட்டால் மாசியில் வரும் கும்ப மாத வெயிலைச் செடியே பார்த்துக்கொள்ளும். திரும்பி வந்தவர் தினமும் காபி டம்ளரோடு வாசலில் நின்று, எப்போது வாடும் என்று பார்த்தார். கும்பம் வந்தது, கிணற்றில் அடிமண் தெரிந்தது, மதிலோரம் பூத்துக் குலுங்கியது. ஆபீஸிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் அங்கே போய் நிற்பேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

நாத்தனார் வந்திருந்த ஒரு மத்தியானம், எனக்குக் கேட்கட்டும் என்றே மாமியார் சொன்னார்: "பூத்து என்ன? சுடுகாட்டுல தன்னால முளைக்கறதாக்கும் அது. மலையாளத்துக்காரா அந்த நித்தியகல்யாணியைச் சவம்நாறின்னு சும்மாவா சொல்றா? அவ கைக்கு வேற என்ன வரும்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் மொத்தத்தையும் பிடுங்கினார். தடுத்துப் பார்த்தேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, வெறும் செடிதானே என்றார். வேர் ஆழமாகப் போயிருந்தது, கடப்பாரை வேண்டியிருந்தது. மாமியார் அவருக்கு மோர் கரைத்துக் கொண்டுவந்தார். நான் என் கணவரை வெறுக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அதே மண்ணில் அடுத்த வீட்டுப் பெண் ரோஜா நட்டாள். இரண்டு வேளையும் தண்ணீர் விடுவது என் பொறுப்பு. விட்டேன், கோபத்தில்கூட ஒரு வேளை குறைக்கவில்லை. ஆனால் பங்குனியின் மீன மாத வெயிலில் ரோஜா என்ன செய்யும்? ஒவ்வொன்றாகத் தண்டு கறுத்துக் கருகியது.

கேள்விப்பட்டு அவள் கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். தன் ராசியும் போய்விட்டதோ என்று கேட்டாள். மாமியார் அவள் தோளைத் தடவிக் கொடுத்தார்.

"நீ என்னடி பண்ணுவே? அந்த மண்ணுல இவ கை பட்டிருக்கோல்லியோ."

அவள் என்னைப் பார்த்தாள். வழக்கம்போல எனக்காக ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். என் பக்கமாக இருந்த தன் இடுப்பிலிருந்து குழந்தையைத் தூக்கி மறு இடுப்பில் வைத்துக்கொண்டாள்.